பல் டாக்டர் செய்த ஷான்ரோ

சுவிட்சர்லாந்தின் லா ஷோ-தெ-ஃபோனில் பல் டாக்டராக இருப்பதில் ஒரு சங்கடம் உண்டு. ஊரில் பாதிப்பேர் கடிகாரம் செய்கிறவர்கள், மீதிப்பேர் கடிகாரம் செய்கிறவர்களைக் கட்டிக்கொண்டவர்கள். ரொட்டிக்கடை வரிசையில்கூட முன்னால் நிற்கும் இரண்டு பெண்கள் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒருவன் தன் கை நுணுக்கமான கை என்று சொல்லிக்கொண்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

எவ்ரார் பெர்ரெனூ இருபத்தொன்பது வருஷமாக அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அவங்க அசையாத உலோகத்துல வேலை செய்றாங்க. நான் அசையுற நாக்குக்குப் பக்கத்துல வேலை செய்றேன். எது கஷ்டம்?" என்று கேட்பார். கேட்கப்பட்டவரின் வாயில் பஞ்சு இருக்கும் என்பதால் மறுப்பு வராது. வராத மறுப்பையெல்லாம் அவர் ஒப்புதல் என்றே எடுத்துக்கொண்டார்.

ஐம்பத்தெட்டு வயதில் அவருக்கு ஒரு ஷான்ரோ வாங்கவேண்டும் என்ற ஆசை வந்தது. ஷான்ரோ அந்த ஊரிலேயே செய்யப்படும் கடிகாரம். வெள்ளை டயல், கறுப்பு முள், இரண்டு பிஸ்கட்டை ஒட்டிவைத்தால் எவ்வளவு இருக்குமோ அதைவிட மெல்லிசு. வருஷத்துக்குச் சில நூறுதான் வெளியே வரும். எவ்ரார் ஒரு சனிக்கிழமை கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு அவர்களுடைய கடைக்குப் போனார். வெள்ளைக் கையுறை போட்ட ஒரு பெண் அவருக்குக் கண்ணாடிக் குவளையில் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தாள்.

"இந்த வாட்ச்தான் வேணும்," என்றார் எவ்ரார்.

"இது விக்கிறதுக்கு இல்லைங்க. ஒதுக்கீடு மட்டும்தான்."

"யாருக்கு ஒதுக்குறீங்க?"

"எங்க ஷான்ரோ குடும்பத்துக்கு."

"சரி, அந்தக் குடும்பத்துல எப்படிச் சேர்றது?"

"முதல்ல எங்களோட வேற நாலஞ்சு வாட்ச் வாங்கி, கொஞ்சம் பழகணும். அப்புறம் உங்க வாழ்க்கைக் கதைய எழுதிக் குடுங்க. குழு படிச்சுப் பாத்து முடிவு பண்ணும்."

எவ்ரார் வேறு கடிகாரம் எதுவும் வாங்கவில்லை. கதையை மட்டும் எழுதினார். இரண்டு பக்கம். அவர் மனைவி சோலாஞ்ஜ் பிழை திருத்திக் கொடுத்தார். எட்டு மாதம் பதில் இல்லை. ஒன்பதாம் மாதம் கெதெயோன் மாத்தில் என்ற நண்பரின் கையில் ஷான்ரோ வந்துவிட்டது.

மாத்தில் நோட்டரி. எவ்ராரோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். இருவரும் வியாழக்கிழமை சாயங்காலம் தேவாலயத்துக் கூடத்தில் ஆண்கள் பாட்டுக் குழுவில் பக்கத்துப் பக்கத்தில் நின்று கட்டைக் குரலில் பாடுகிறவர்கள். அந்த வியாழக்கிழமை மாத்தில் பாட்டுப் புத்தகத்தை வழக்கத்தைவிட ஒரு சாண் உயரத்தில் பிடித்திருந்தார். சட்டைக்கை தானாகவே கீழே இறங்கிக்கொண்டது. பாட்டு முடிந்து எல்லோரும் ஒயின் எடுத்துக்கொண்டபோது பதினெட்டுப் பேரும் அவர் மணிக்கட்டைச் சுற்றி நின்றார்கள். அதில் பத்துப் பேர் கடிகாரத் தொழிற்சாலைக்காரர்கள். பகலெல்லாம் அதைத்தான் பார்க்கிறார்கள், இருந்தும் நின்றார்கள்.

"உன் கதையில அப்படி என்னய்யா எழுதுன?" என்று கேட்டார் எவ்ரார்.

"ஒண்ணுமில்ல, எங்க தாத்தா அவங்க தாத்தாவுக்கு உயில் எழுதுனார்னு எழுதுனேன். உனக்கு இன்னும் வரலையா? வரும், வரும். பல்லு டாக்டரையெல்லாம் கொஞ்சம் மெதுவாத்தான் கூப்பிடுவாங்களாம்."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. எவ்ரார் ஒயினை வைத்தார்.

"அதுல என்ன இருக்கு? நூத்தி எழுபது சின்னச் சாமான். பாதி சக்கரம். சக்கரத்துக்கு என்ன இருக்கு? பல்லு. பல்லு இருக்கிற எதையும் நான் செய்வேன். ஒண்ணரை வருஷத்துக்குள்ள இதே வாட்ச நானே செஞ்சு கட்டிக்கிட்டு இங்க வந்து நிக்கிறேன்."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் வினை. சிரித்திருந்தால் அவரும் சிரித்து விட்டிருப்பார். பத்துத் தொழிற்சாலைக்காரர்களும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். அந்த ஊரில் அப்படித் தலையாட்டினால் "பாவம்" என்று பொருள். எவ்ராருக்கு அது தெரியும்.

வீட்டுக்குப் போனதும் சோலாஞ்ஜிடம் சொன்னார். சோலாஞ்ஜ்தான் அவருடைய மருத்துவமனையில் முன்மேசையில் உட்கார்ந்து நேரம் குறித்துக்கொடுப்பவர்.

"நம்ம சமையலறைக் கதவு ஏழு வருஷமா மூட மாட்டேங்குது," என்றார் அவர்.

"கதவு வேற, வாட்ச் வேற."

"ஆமா. கதவு பெரிசு."

செய்யத் தொடங்குவதற்கு முதலில் அளவு வேண்டும். ஷான்ரோ கம்பெனி அச்சிட்ட புத்தகத்தில் படம்தான் இருந்தது, அளவு இல்லை. பிப்ரவரியில் மாத்திலுக்குக் கடைவாய்ப் பல்லில் கேப் போடவேண்டி வந்தது. எக்ஸ்ரே எடுக்கவேண்டும், உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது என்று சொல்லி எவ்ரார் அவர் கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார். மாத்தில் ஒரு குழந்தையைக் கொடுப்பதுபோல் கொடுத்தார். பிறகு அவர் வாயில் பல் அச்செடுக்கும் இளஞ்சிவப்புப் பசையை நிரப்பி, "நாலு நிமிஷம் அசையாம இரு," என்று சொல்லிவிட்டு எவ்ரார் பின்னறைக்குப் போனார். அதே கிண்ணத்தில் மிச்சமிருந்த பசையை இன்னொரு தட்டில் கொட்டி ஷான்ரோவை முகம் குப்புற அழுத்தினார். திருப்பிப் போட்டு மறுபடி அழுத்தினார். நாலு நிமிஷத்தில் நோட்டரியின் பல்லும் நோட்டரியின் கடிகாரமும் ஒரே நேரத்தில் அச்சில் விழுந்தன. கடிகாரத்தைத் துடைத்து, ஊதி, வாசலுக்கே கொண்டுபோய்த் தன் கையாலேயே மாத்திலுக்குக் கட்டிவிட்டார்.

"புதினா வாசனை வருதே," என்றார் மாத்தில்.

"உன் வாய்," என்றார் எவ்ரார்.

அந்தப் பசை காயக் காயச் சுருங்கும். முதல் வருஷ மாணவனுக்கும் தெரிந்த விஷயம். உடனே அதில் சாந்து ஊற்றியிருக்க வேண்டும். எவ்ராரோ ஜன்னலோரமாக நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டார், அவ்வளவு சந்தோஷம். சுருங்கியதை ஈடுகட்ட அளவைக் கொஞ்சம் கூட்டினார். பிறகு ஒரு சந்தேகத்துக்கு இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

தொழில்நுணுக்கம் கற்பது சுலபமாக இருந்தது என்று அவர் நினைத்தார். ஆசிரியர்கள் தினமும் அவர் நாற்காலியில் வந்து சாய்ந்தார்கள். ஷான்ரோவில் வேலை செய்யும் யோலாந்த் குய்ஷ் என்ற பெண் வேர் சிகிச்சைக்கு நாலு தடவை வரவேண்டியிருந்தது. செய்து முடித்த கடிகாரங்களைச் சரியாக ஓடவைப்பது அவளுடைய வேலை.

"சக்கரத்துப் பல்லை வெட்டுனப்புறம் மரத்துல தேய்க்கணுமா, தோல்ல தேய்க்கணுமா? மரம்னா ஒரு தடவை கண்ண மூடு. தோல்னா ரெண்டு தடவை," என்று எவ்ரார் கேட்டார்.

யோலாந்த் வலியில் கண்ணை இறுக்கி மூடினாள். ஒரு தடவை. எவ்ரார் மரம் என்று குறித்துக்கொண்டார்.

நாலாம் தடவை வாய் காலியானதும் அவள் கேட்டாள்: "டாக்டர், ஹேர்ஸ்பிரிங், அந்தச் சுருள் கம்பிக்கு என்ன பண்ணப் போறீங்க?"

"அதையும் செய்வேன்."

"அத நாங்களே செய்றதில்ல, டாக்டர். ஊர்ல யாரும் செய்றதில்ல. அதுக்குன்னு தனியா ஒரு இடம் இருக்கு. தலைமுடியில நாலுல ஒரு பங்கு கனம். அதுதான் வாட்சோட உயிரு. மத்ததெல்லாம் பெட்டிதான்."

"வாய் கொப்பளிச்சுக்கோ," என்றார் எவ்ரார்.

கூடத்தில் சபதம் போட்ட நாளிலிருந்து பதினான்கு மாதம் ஆனது. பல் கேப் வார்க்கும் உலோகத்திலேயே மேல்கூட்டை வார்த்தார். அது முப்பது வருஷம் எலும்பு கடித்தாலும் தேயாத உலோகம். துளை போடவும் விடவில்லை, பதினொரு துளையூசி உடைந்தது. சக்கரங்களை வெட்டினார். முதல் சக்கரத்தில் அறுபது பல் வரவேண்டிய இடத்தில் ஐம்பத்தொன்பதரை வந்தது. அந்த அரைப்பல்லை அடைக்க முடியாது என்று ஒப்புக்கொள்ள அவருக்கு ஒரு வாரம் பிடித்தது. முன்மேசையில் சோலாஞ்ஜ் தொலைபேசியில் ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்: "டாக்டர் பல்லு வெட்டிக்கிட்டிருக்கார். இல்லைங்க, மனுஷப் பல்லு இல்ல. அடுத்த புதன்கிழமை வாங்க."

டயல் ஒன்றுதான் கேட்டபடி வந்தது. பீங்கான் பல் சுடும் அடுப்பில் சுட்டார். புகை பிடிக்காத நாற்பது வயதுக்காரரின் முன்பல் நிறம். அதன் மேல் ஒற்றை மயிர்த் தூரிகையால், மூச்சை அடக்கிக்கொண்டு, ஷான்ரோ என்று எழுதினார்.

"அவங்க பேரையே போடணுமா?" என்று சோலாஞ்ஜ் கேட்டார்.

"பேர் இல்லன்னா அது வெறும் வாட்சு."

"வெறும் வாட்சுன்னா மணி காட்டுமே."

ஹேர்ஸ்பிரிங்கில்தான் யோலாந்த் சொன்னது நடந்தது. ஏழு வகைக் கம்பியைச் சுருட்டிப் பார்த்தார். கடைசியில் பிள்ளைகளுக்குப் பல் வரிசையை நேராக்கக் கட்டும் கம்பியைத் தட்டையாக்கிச் சுருட்டினார். அது ஓடியது. பொறுமையாகத் துடிக்கவேண்டிய சக்கரம் படபடவென்று அடித்துக்கொண்டது, ஆனால் ஓடியது. அந்தக் கம்பிக்கு ஒரு குணம் உண்டு. வாயின் சூட்டில் விறைக்கும், குளிரில் தளரும். அதற்காகத்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். ஆகவே கணப்புப் பக்கத்தில் உட்கார்ந்தால் கடிகாரம் மணிக்குப் பத்து நிமிஷம் முந்தியது. ஜனவரி மாதத் தெருவில் கால் வைத்தால் நின்றது. சட்டைக்கைக்குள் அடங்காது என்பதால் சோலாஞ்ஜ் இடது கையை மட்டும் பிரித்துத் தைத்துக் கொடுத்தார்.

"ஜாம் பாட்டில் மூடி மாதிரி இருக்கு," என்றார் தைத்துக்கொண்டே.

எவ்ரார் கடிகாரத்தைக் கைக்குட்டையால் துடைத்தார். அன்று காலை அவர் அதைக் காதில் வைத்துக்கொண்டு அழுதிருந்தார். அதைச் சோலாஞ்ஜிடம் சொல்லவில்லை. தானே செய்த ஒன்று தன் காதுக்குள் ஓடுகிறது. பல் எதுவும் அவருக்கு அப்படிச் செய்ததில்லை.

வியாழக்கிழமை அதை அக்குளுக்குள் வைத்து வெதுவெதுப்பாகவே கூடத்துக்குக் கொண்டுபோனார். நடத்துனர் மதாம் ஜாக்கோ அன்று ஒரு தாலாட்டைத் தொடங்கினார். மெல்லிய பாட்டு, கடைசி அடியில் மூச்சுச் சத்தம்தான் கேட்கவேண்டும். மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. வேறு ஏதோ கேட்டது. மதாம் ஜாக்கோ கையை இறக்கினார்.

"யாரோ பல்லக் கடிக்கிறீங்க."

"அது நான் இல்ல, மதாம்," என்றார் எவ்ரார், சட்டைக்கையை ஏற்றியபடி. "அது இது."

சுற்றி நின்றார்கள். பதினெட்டுப் பேரும். எவ்ரார் பதினான்கு மாதமாகக் காத்திருந்தது இந்த வட்டத்துக்குத்தான். மணி எட்டே முக்கால். எவ்ராரின் கையில் ஒன்பது இருபது. தொழிற்சாலைக்காரர்களில் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "டயலு நல்லாருக்கு," என்றார். மற்ற ஒன்பது பேரும், "ஆமா, டயலு," என்றார்கள். மாத்தில் மட்டும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெயரைப் படித்தார்.

"அடப்பாவி. பேரையே போட்டிருக்கியே. இது கள்ளக் கடிகாரம்யா. நான் நோட்டரி, இதப் பாத்தேன்னே சொல்லக் கூடாது. கம்பெனிக்குத் தெரிஞ்சா உன்னக் கோர்ட்டுல நிறுத்திடுவான்."

எவ்ராரின் முகத்தில் பயமும் ஆனந்தமும் சேர்ந்தே வந்தன. கோர்ட் என்ற யோசனை அதுவரை அவருக்கு வந்ததில்லை. வந்தபிறகு போகவில்லை.

கம்பெனிக்கு எவ்ரார் மூலம் தெரியவில்லை, மாத்தில் மூலமே தெரிந்தது. அந்த மாதம் மாத்திலின் ஷான்ரோ பின்தங்கத் தொடங்கியது. அதைத் தொழிற்சாலைக்குக் கொடுத்தார். திறந்து பார்த்தால் சாவி கொடுக்கும் தண்டைச் சுற்றி இளஞ்சிவப்பாய் ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நூற்றுச்சொச்சம் வருஷத்தில் ஷான்ரோவுக்குள் மணல் கண்டிருக்கிறார்கள், ஷாம்பெயின் கண்டிருக்கிறார்கள். இது என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. கை மாறி மாறி யோலாந்திடம் வந்தது. யோலாந்த் முகர்ந்து பார்த்தாள். எவ்ராரின் நாற்காலியில் நாலு தடவை முகர்ந்த புதினா வாசனை மறக்குமா? டாக்டரையும் அவர் செய்யும் கடிகாரத்தையும் பற்றி மேலே சொன்னாள்.

மறுவாரம் கம்பெனி அனுப்பிய காலாம் என்ற மனிதர், கறுப்பு மேலங்கியோடு, முறையாக நேரம் குறித்துக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தார். பல்லைக் காட்டவில்லை. கடிகாரத்தைப் பார்க்கவேண்டும் என்றார். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். எவ்ரார் எழுந்து நின்றார்.

"நான்தான் செஞ்சேன். எல்லாத்தையும் நான்தான் செஞ்சேன். யாரும் உதவி பண்ணல," என்றார், கேட்காமலே.

"நம்புறேன்," என்றார் காலாம். ரசீது எழுதிக் கொடுத்துக் கடிகாரத்தை எடுத்துப்போனார்.

மூன்று வாரம் எவ்ரார் புது மனிதராக இருந்தார். கோர்ட்டுக்குக் கறுப்புக் கோட்டு தைத்துக்கொண்டார். நீதிபதி முன்னால் சொல்லவேண்டியதை எழுதி நோயாளிகளுக்கு வாசித்துக்காட்டினார். "இந்த விரல்கள் குற்றம் செய்திருந்தால்" என்று அது தொடங்கியது. ரொட்டிக்கடையில், "என்னை உள்ள போட்டாலும் போடுவாங்க," என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சோலாஞ்ஜ் மட்டும் ஏப்ரலுக்கு நோயாளிகளுக்கு நேரம் குறித்துக்கொடுத்துக்கொண்டே இருந்தார்.

"நான் ஏப்ரல்ல எங்க இருப்பேனோ தெரியல," என்றார் எவ்ரார்.

"இங்கதான். ஒன்பதரைக்கு ஒரு ஈறு வீக்கம்."

கடிதம் தடித்த தாளில் வந்தது. எவ்ரார் நின்றுகொண்டே படித்தார், பிறகு நோயாளி நாற்காலியில் உட்கார்ந்து படித்தார். தங்கள் நிபுணர் குழு பொருளை ஆராய்ந்தது என்று அது சொன்னது. நகல் என்று வழக்குத் தொடர வேண்டுமானால், அதைப் பார்க்கும் ஒருவர் அசல் என்று ஒரு கணமாவது ஏமாற வாய்ப்பிருக்க வேண்டும். அப்படிப்பட்ட வாய்ப்பு எதையும் குழு காணவில்லை. பெயரை அழிக்கச் சொல்லலாமா என்றும் யோசித்தார்களாம். டயலில் எழுதியிருப்பது "ஷாரோ". ஓர் எழுத்து குறைகிறது. ஆகவே அது தங்கள் பெயரே அல்ல, அதில் தங்களுக்கு ஆட்சேபம் இல்லை. பொருள் இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது. நலமுடன் இருக்க வாழ்த்துகள்.

எவ்ரார் டயலைப் பார்த்தார். ஷாரோ. பதினெட்டுப் பேர் பார்த்தார்கள், மூக்குக்கண்ணாடி போட்டு நோட்டரி படித்தார், ஒருவருக்கும் தெரியவில்லை.

அன்றே மூன்று பக்கத்துக்குப் பதில் எழுதினார். தான் வேண்டுமென்றே, தெளிந்த அறிவோடு, அவர்களுடைய கடிகாரத்தைத் திருடியதாகவும், தன்மேல் வழக்குப் போட மறுப்பது தன்னை அவமதிப்பது என்றும், எழுத்து விட்டுப்போனது தூரிகையின் குற்றம் என்றும் எழுதினார். சோலாஞ்ஜ் படித்தார்.

"பிழை திருத்தவா?"

"இருக்கா?"

"ரெண்டாவது வரியில அவங்க பேர தப்பா எழுதியிருக்க. இங்கயும் ஓர் எழுத்தக் காணோம்."

எவ்ரார் கடிதத்தை வாங்கி மடித்தார். அனுப்பவில்லை.

பல் சுத்தம் செய்ய யோலாந்த் வந்தபோது அவர் அவள் வாயில் எதையும் வைக்கும் முன்பே கேட்டார். "அங்க எல்லாரும் சிரிச்சாங்களா?"

"இல்ல டாக்டர். ஆறு பேர் சுத்தி நின்னோம். யாரும் சிரிக்கல. ஒருத்தர், இது எதுலேர்ந்து கழண்டதுன்னு கேட்டார். பேரப் படிச்சப்புறம்தான் வாட்சுன்னே தெரிஞ்சுது." அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஆனா ஓடிக்கிட்டிருந்தது. என் மேசை விளக்குச் சூட்டுல நல்லா ஓடுச்சு. நான் அத ஒரு மணி நேரம் ஓட விட்டேன்."

"எவ்வளவு முந்துச்சு?"

"அதக் கேக்காதீங்க."

மாத்தில் இரண்டு வாரமாகப் பேசவில்லை. தன் கடிகாரம் எதனால் கெட்டது என்று கம்பெனி அவருக்கும் சொல்லியிருந்தது. எவ்ரார் அவருடைய அலுவலகத்துக்குப் போனார். சுற்றிவளைக்காமல், "உன் வாட்ச பசையில அமுக்குனது நான்தான்," என்றார்.

"தெரியும்யா. நான் அந்த வாட்சுக்காக மூணு மருமகனுக்கும் பிடிக்காத வாட்ச் வாங்கிக் குடுத்தேன், தெரியுமா? அவங்க பேசச் சொன்ன விருந்துக்கெல்லாம் போய்ப் பேசினேன். தாத்தா உயில் எழுதுனதுகூடப் பொய்தான். அவர் அவங்க மேல கேஸ் போட்டவர்." மாத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அவ்வளவு பண்ணி வாங்குனத நீ பல்லு மாதிரி அமுக்கிட்ட."

"மன்னிச்சுக்கோ."

"கேப் ஆடுது. அதையாவது ஒழுங்காப் போட்டுக் குடு."

அடுத்த வியாழக்கிழமை எவ்ரார் கூடத்துக்குக் கடிதத்தோடு போனார். கையில் கடிகாரம் இல்லை, மணிக்கட்டில் உலோகம் உறுத்திய சிவப்புத் தடிப்பு மட்டும் இருந்தது. பாட்டு தொடங்குமுன் ஒரு நிமிஷம் வேண்டும் என்று மதாம் ஜாக்கோவிடம் கேட்டார். கோர்ட் தேதி சொல்லப்போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அவர் கடிதத்தை முதலிலிருந்து படித்தார். ஒரு சொல் விடவில்லை. "ஒரு கணமாவது ஏமாற வாய்ப்பு" என்ற இடத்தில் அவருடைய கட்டைக் குரல் கொஞ்சம் இடறியது. தொழிற்சாலைக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். "ஷாரோ" என்று படித்தபோது பின்வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தார், அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அது பரவியது. பத்துப் பேரும் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மரியாதையான தலையாட்டல் எதுவும் இல்லை. எவ்ராருக்கும் வயிற்றிலிருந்து சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. அதில் எது எதற்கு என்று அவரால் பிரிக்க முடியவில்லை.

"அந்த 'ஆட்சேபம் இல்லை'ங்கிற வரிய இன்னொரு தடவ படி," என்றார் மாத்தில். "சட்டப்படி அழகா எழுதியிருக்கான்."

எவ்ரார் மறுபடி படித்தார். இரண்டாம் தடவை குரல் இடறவில்லை.

மதாம் ஜாக்கோ மேசையில் தட்டினார். "போதும். எட்டாம் பக்கம், தாலாட்டு. கடைசி அடிய இன்னைக்காவது கேக்கலாம்னு இருக்கேன்."

எவ்ரார் கடிதத்தைக் கோட்டுப் பைக்குள் வைத்துவிட்டு, மாத்தில் பக்கத்தில் தன் இடத்துக்குப் போய், மூச்சை இழுத்தார்.